வலது காலை முன்வைத்து

பெங்களூர்,
12-1-1941

கண்ணாயி அக்காவுக்கு,

தம்பி செங்கோடன் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன். இதை உனக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்றே ஐந்து மாதம் போய்விட்டது.

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடிகாலையில் மலையைவிட்டு இறங்கினேன். அந்தப் பதினாறு நாளும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வந்து வாசலில் நின்றால் எழுந்து உள்ளே போனாய். திருவிழாச் சிலம்பத்தில் பட்ட அடி, யார் மேலும் குற்றமில்லை என்று நாட்டுக்கவுண்டர் பஞ்சாயத்துக் கூட்டிச் சொன்னார். கீழேயிருந்து வந்த போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். தேவனூர் நாட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்து என்னைத் தேற்றினார்கள். அக்காள் புருஷனைத் தன் கையாலேயே பறிகொடுத்தவன் என்று எனக்காக அழுதார்கள். நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஊரிலேயே இருந்திருப்பேன்.

சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். மார்பை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், எழுதப் படிக்க வருமா என்று கேட்டார்கள். நீயும் நானும் போன மலைப் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்பு இங்கே பெரிய படிப்பு. இப்போது பெங்களூரில் இருக்கிறேன். சோறு கிடைக்கிறது. குளிர் நம் ஊர்க் குளிர்தான்.

இங்கே முதலில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு நிற்பது. இடது கால் முன்னே, இரண்டு முழங்காலும் சற்று மடங்கி, அடிக்கட்டை வலது இடுப்போடு ஒட்டி, கத்தி முனை எதிரே நிற்பவன் தொண்டைக்கு நேராக. நாம் சிலம்பத்தில் நின்ற இடத்தில் நிற்பதே இல்லையே, கால் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே அப்படி மாற்றினால் ஹவில்தார் பிரம்பால் கெண்டைக்காலில் ஒன்று வைக்கிறார். பஞ்சாபிகள் இரண்டு பேர் மண்ணைக் கொத்திப் பதப்படுத்திக் குஸ்தி போடுகிறார்கள். அவர்கள் நிற்பது வேறு மாதிரி. இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, கைகளை முன்னே நீட்டி, கீழே விழுந்த எதையோ தேடுகிற மாதிரி. பாலக்காட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் ஊரில் யானை நிற்பது போல, பன்றி நிற்பது போல என்று நிலைகள் உண்டாம். பன்றி மாதிரி உட்கார்ந்து காட்டினார். தொடை தரையைத் தொட்டது, ஆனால் அடுத்த நொடியில் என் மார்பில் அவர் முழங்கை இருந்தது.

பொன்னம்மாள் எப்படி இருக்கிறாள்? மாமனைக் கேட்கிறாளா? மிளகு இந்த வருஷம் காய்த்திருக்கிறதா? ஏணி ஏற யார் இருக்கிறார்கள்? பதில் போட மனமில்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் காளியண்ணனிடம் சொல்லி அவரை இரண்டு வரி எழுதச் சொல்.

செங்கோடன்

*

கொல்லிமலை,
20-2-1941

செங்கோடனுக்கு,

மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன காளியண்ணன் உன் கடிதத்தை வாங்கிவந்தார். பத்து நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

மிளகு காய்த்தது. ஏணி நான்தான் ஏறுகிறேன். பொன்னம்மாள் கீழே கூடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதற்குமேல் என்ன தெரியும். உன்னைக் கேட்கிறாள். அவள் அப்பனையும்தான் கேட்கிறாள்.

ஒரு கடிதம் முழுக்க யார் எப்படி நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நின்ற மனிதர் ஒருவர் விழுந்தாரே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அன்றைக்குக் கோயிலுக்குப் பின்னால் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அவர் தலை உன் மடியில் இருந்தது. நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கால் வழுக்கியது என்கிறான் ஒருவன். வெயில் கண்ணில் அடித்தது என்கிறான் இன்னொருவன். அவர் கம்பைத் தூக்கவே இல்லை, மரம் மாதிரி நின்று வாங்கினார் என்கிறாள் சின்னராசு பெண்டாட்டி. இந்த மலையில் மூன்று நாட்டுக்காரர்களோடு ஆடி ஒரு அடி வாங்காதவர் எதற்கு மரம் மாதிரி நின்றார்?

கம்பின் இந்த முனையில் இருந்தவன் நீ. அதை எழுது. மற்றவர்கள் நிற்பதெல்லாம் எனக்கு வேண்டாம்.

கண்ணாயி

*

பெங்களூர்,
6-4-1941

அக்காவுக்கு,

நீ பதில் போட்டாயே, அதுவே போதும். உறையைப் பரேடு முடியும்வரை சட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. கம்பு போனது, பட்டது. அதற்குமேல் என்ன எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை.

வேறு ஒன்று நடந்தது, அதைச் சொல்கிறேன். எங்கள் முகாமில் ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டை வைப்பார்கள். கையில் பஞ்சு அடைத்த தோலுறை மாட்டிக்கொள்ள வேண்டும். இடது காலும் இடது கையும் முன்னே, வலது குதிகால் தரையில் படாமல், மோவாயைத் தோளுக்குள் ஒளித்துவைத்து நிற்க வேண்டும். சிலம்பம் ஆடிய கால் என்பதால் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. நாலு பேரை ஜெயித்தேன். வெள்ளைக்கார அதிகாரி என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

ஐந்தாவதாக வந்தவன் கோலார்க்காரன். அவன் வளையத்துக்குள் வந்து வலது காலை முன்வைத்து நின்றான். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் அப்படித்தான் நிற்பார்களாம், புதிதொன்றும் இல்லையாம். அவன் அப்படி நின்றதும் என் கை இரண்டும் தானாகக் கீழே இறங்கிவிட்டன. தூக்கு, தூக்கு என்று எல்லோரும் கத்தியது கேட்டது. தூக்க முடியவில்லை. அவன் அடித்ததுகூட எனக்குத் தெரியாது. மூக்கெலும்பு உடைந்து இரண்டு நாள் படுத்திருந்தேன். பயந்துவிட்டான் என்று இப்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஏன் என்று கேட்காதே.

செங்கோடன்

*

கொல்லிமலை,
18-5-1941

தம்பி செங்கோடா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் காட்டுக்குப் போகவில்லை. வலது காலை முன்வைத்து நின்றான் என்று நீ எழுதிய இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். உன் கை ஏன் இறங்கியது என்று எனக்குத் தெரியும். கடைசி ஒரு வருஷம் அவரும் அப்படித்தானே நின்றார். அதற்கு முன்னால் எப்போதும் இடது கால்தான் முன்னால். திடீரென்று மாற்றினார். சென்றாயன் புது வித்தை பழகிவிட்டான் என்று ஊரெல்லாம் பேசினார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய்.

அது வித்தை இல்லை. அதற்கு முந்தின மாசியில் மிளகு பறிக்கும்போது பலா மரத்துக் காய்ந்த குச்சி இடது கண்ணில் குத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். பச்சிலை பிழிந்து விட்டோம், ஆறிவிட்டது என்று சொன்னார். ஆறவில்லை. அந்தக் கண் போய்விட்டது. வெளியே பார்த்தால் தெரியாது. அவர் என்னிடமும் சொல்லவில்லை. வட்டிலுக்கு இடப்பக்கம் வைத்த செம்பை மூன்று தடவை தட்டிவிட்டார். நாலாம் தடவையிலிருந்து வலப்பக்கம் வைத்தேன். ஏன் மாற்றினாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொன்னம்மாள் இடப்பக்கமாக ஓடி வந்து மேலே விழுந்தால் திடுக்கிட்டுப் போவார். நல்ல கண் எதிராளியைப் பார்க்கட்டும் என்றுதான் வலது காலை முன்வைத்து உடம்பைத் திருப்பி நின்றார். எனக்குச் சிலம்பம் தெரியாது. ஆனால் அவர் வாசலில் தனியாகக் கால் பழகியதைப் பார்த்துக்கொண்டே மாவு அரைத்தவள் நான்.

ஆடிப் பதினெட்டுத் திருவிழா அன்று காலையில் நீ களி தின்ன வந்தாய். அவர் ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தார். நீயும் நானும்தான் இருந்தோம். செங்கோடா, உங்க மாமனுக்கு எடது கண்ணு தெரியறதில்ல, பார்த்து ஆடு என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. அவர் மானத்தை நான் வாங்கக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் களி போடட்டுமா என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

சொல்லியிருந்தால் நீ அந்தப் பக்கம் கம்பைக் கொண்டுபோயிருக்க மாட்டாய். இத்தனை நாள் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தது உன் மேல் கோபத்தால் இல்லை. உன்னைப் பார்த்தால் சொல்லிவிடுவேனோ என்று பயம். தெரியாமல் அடித்தவன் நீ. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். ஊரார் உனக்காக அழுதார்கள் என்று எழுதினாயே, அந்த அழுகையில் எனக்குப் பங்கு கேட்கக்கூட யோக்கியதை இல்லை.

உன் மேல் ஒரு குறையும் இல்லை. லீவு கொடுத்தால் வா. பொன்னம்மாள் தினமும் உன்னைக் கேட்கிறாள். மூக்கு எப்படி இருக்கிறது?

உன் அக்காள்,
கண்ணாயி

*

பெங்களூர்,
29-6-1941

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் லீவு கேட்டிருப்பதாகவும் ஆனியில் வருவதாகவும் எழுதினேன். அதைத் தபாலில் போட்டிருந்தால் இந்நேரம் உன் வீட்டில் சாமைச் சோறு தின்றுகொண்டிருப்பேன். பெட்டியருகே போய்விட்டுத் திரும்பினேன்.

அக்கா, எனக்குத் தெரியும்.

மாமாவே சொன்னார். கண்ணில் குச்சி குத்திய மூன்றாம் மாதம், வைகாசியில், நாங்கள் இருவரும் மேட்டுக்காட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது என் கம்பு அவர் இடது தோளில் பட்டது. எப்போதும் படாதே, இன்றைக்கு என்ன என்று நான் கேட்டேன். கம்பைக் கீழே வைத்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தார். "மாப்ளே, எடப்பக்கம் வராதே. அந்தக் கண்ணு போயிருச்சு. உன்னையத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. உங்கக்காளுக்குச் சொல்லிப்போடாதே, ஆட உடமாட்டா" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பேச்சு. நான் அவர் இடப்பக்கம் போவதில்லை. வலது காலை முன்வைத்து நிற்கலாம் என்று சொன்னதே நான்தான். அந்த நிலையை நாங்கள் இருவரும் சேர்ந்து பழகினோம். மற்றவர்களோடு ஆடும்போது அது அவரைக் காப்பாற்றியது. அவர்களுக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான்.

ஆடிப் பதினெட்டு காலையில் நீ களி போட்டபோது உன் வாயில் எது நின்றதோ அதே என் வாயிலும் நின்றது. இரண்டு பேரும் அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு சுற்று ஒழுங்காக ஆடினோம். மூன்றாவதில் அவர் கம்பு என் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. முள்ளுக்குறிச்சியிலிருந்து திருவிழா பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "இன்னும் கால் பழகலியே மாப்ளே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். மூன்று வருஷமாக ஒவ்வொரு ஆடிக்கும் அவரிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் கீழே விழட்டும் என்று நினைத்தேன்.

அவருக்கு வலப்பக்கம் இரண்டு வீச்சு காட்டினேன். அவர் கண் அங்கே போனது. நான் இரண்டு எட்டு வைத்து இடப்பக்கம் வந்துவிட்டேன். அவர் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். அவர் தேடியதை நான் பார்த்தேன், அக்கா. பார்த்த பிறகுதான் வீசினேன். தோளுக்குத்தான் வீசினேன் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கம்பு பொட்டில் பட்டது. அது தானாக மேலே ஏறியதா, நான் ஏறவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் மரம் மாதிரி நிற்கவில்லை. நான் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்று. கட்டிலில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினோம் அல்லவா. நீ பொன்னம்மாளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாய். பாதி மலையில் ஒரு தடவை அவருக்கு நினைவு வந்தது. தலைமாட்டில் நான் தோள் கொடுத்திருந்தேன். "அவகிட்டச் சொல்லிப்போடாதே" என்றார். கண் தெரியாததைச் சொன்னாரா, நான் செய்ததைச் சொன்னாரா என்று தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

உன் மேல் குற்றம் இல்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன். நீ சொல்லியிருந்தாலும் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

செங்கோடன்

*

கொல்லிமலை,
3-8-1941

செங்கோடனுக்கு,

நேற்று ஆடிப் பதினெட்டு. ஊரில் சிலம்பம் வைக்கவில்லை.

அவர் பேசிய கடைசிப் பேச்சை ஒரு வருஷம் நீ வைத்துக்கொண்டிருந்தாய். நான் பத்தடி பின்னால் நடந்து வந்தேன். கூப்பிட்டிருக்கலாம். அக்கா, மாமா பேசறார் என்று ஒரு வார்த்தை. நான் வந்து முகத்தைப் பார்த்திருப்பேன். அவரும் என்னைப் பார்த்திருப்பார்.

அடித்ததைக்கூட ஆத்திரத்தில் செய்தாய் என்று சொல்லிக்கொள்ளலாம். அதை என்னவென்று சொல்லிக்கொள்வது?

இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன். வராதே.

கண்ணாயி

*

இடம் எழுத அனுமதி இல்லை,
9-11-1943

அக்காவுக்கு,

பிரிக்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். வடக்கே தூரமான இடத்தில் இருக்கிறோம். மழை நிற்பதே இல்லை. சண்டை நடக்கும் இடம் பக்கத்தில்தான் என்கிறார்கள்.

போன சித்திரையில் எனக்கு இருபது நாள் லீவு கொடுத்தார்கள். முள்ளுக்குறிச்சி வரைக்கும் வந்தேன். காளியண்ணன் தம்பி வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். காலையில் எழுந்தால் எதிரே மலை நின்றது. அடிவாரத்து ஓடையைக் கூடத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் திரும்பிவிட்டேன். என்னைப் பார்த்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று காளியண்ணனிடம் கேட்டுக்கொண்டேன்.

புது ஆட்களுக்கு நிற்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு என்னைப் போட்டார்கள். உத்தியோக உயர்வுதான். மூன்று நாள் செய்தேன். கத்தியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும் பையன்களிடம், எதிராளிக்கு எந்தப் பக்கம் பலவீனம் என்று முதலில் பார், அந்தப் பக்கம் போ என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் எழுதிக்கொடுத்த பாடத்திலேயே இருக்கிறது. நாலாம் நாள் போய், எனக்கு வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டேன். பைத்தியமா என்றார்கள். இப்போது பாலம் கட்டும் பிரிவில் மரம் சுமக்கிறேன். அதுவே நன்றாக இருக்கிறது.

பொன்னம்மாளுக்குப் பத்து வயதாகியிருக்கும். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு.

செங்கோடன்

*

கொல்லிமலை,
4-2-1946

செங்கோடனுக்கு,

நீ பட்டாளத்தைவிட்டு வந்து எட்டு மாதமாக முள்ளுக்குறிச்சியில் இருப்பது எனக்குத் தெரியும். பாலத்துக் கட்டை விழுந்து கால் நொறுங்கியதையும், நொண்டி நடப்பதையும், கடலைக் காட்டில் கூலி வேலைக்குப் போவதையும் காளியண்ணன் சொன்னார். உன் பழைய கடிதம் ஒன்று இங்கே இருக்கிறது. பிரிக்கவில்லை. எரிக்கவும் இல்லை.

பொன்னம்மாள் ஞாயிற்றுக்கிழமை பெரியவளாகிவிட்டாள். வாசலுக்கு வெளியே உட்காரவைத்திருக்கிறேன். அவள் தனியே இருக்கப் பச்சைத் தழையில் குச்சுக் குடிசை கட்டுவது தாய்மாமன் வேலை. சின்னராசு உனக்குப் பங்காளி முறை என்பதால் தான் கட்டிவிடுவதாகச் சொன்னார். நான் சரி என்றுதான் சொன்னேன். அவள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "கீழ எங்க மாமன் இருக்கறாங்கல்ல, அவங்க வரட்டும்" என்கிறாள். நேற்றிலிருந்து எதையும் தின்னவில்லை.

ஆகையால் நீ வா. வியாழக்கிழமை காலையில் வா. மூங்கிலும் தழையும் வெட்டிவைக்கச் சொல்கிறேன். இந்தக் காலோடு நீ எப்படி ஏறுவாய் என்று தெரியவில்லை. இரண்டு ஆள் அனுப்புகிறேன். குச்சைக் கட்டு. முறைக்குச் செய்ய வேண்டியதைச் செய். சாப்பாடு உண்டு. வெயில் சாய்வதற்குள் இறங்கிவிடு.

நான் உன்னோடு பேச மாட்டேன். அதை எதிர்பார்த்து வராதே.

கண்ணாயி

*

முள்ளுக்குறிச்சி,
9-2-1946

அக்காவுக்கு,

நேற்று முன்தினம் இறங்கி வந்ததிலிருந்து இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ அடுப்படியில் இருந்தாய். குச்சுப் பக்கம் பேசியது உனக்குக் கேட்டதோ இல்லையோ. கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். இன்னொரு தடவை உன்னிடம் எதையும் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மூன்று பக்கம் தழை கட்டி முடித்து நாலாம் பக்கம் கட்டும்போது பொன்னம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஊர்க்கதை கேட்டாள். கப்பலில் போனீங்களா, ரயிலில் போனீங்களா என்று கேட்டாள். பிறகு, "எங்கப்பன் மேல பட்டது உங்க கம்புதானுங்களா மாமா?" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன்.

"தெரியாம பட்டுப்போச்சுன்னு அம்மா சொல்லுச்சு" என்றாள்.

என் கையில் ஒரு கொத்துத் தழை இருந்தது. அதைக் கட்டி முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று பார்த்தேன். தழையைக் கீழே வைத்தேன். "தெரியாம இல்ல சாமி. தெரிஞ்சுதான் அடிச்சேன். சாவார்னு நினைக்கல" என்றேன்.

நான் சேலையும் தேங்காய் பழமும் தட்டில் வைத்து நீட்டியபோது அவள் கை வாங்கியது, முகம் திரும்பியிருந்தது. நீ இலையில் சோறு போட்டாய். தின்றேன். என்ன தின்றேன் என்று தெரியாது.

ஐந்து வருஷமாக அவளிடம் நீ அப்படிச் சொல்லிவைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது, அக்கா. எனக்காக நீ ஏன் பொய் சொன்னாய்? அவளுக்கு இருந்த ஒரு மாமனையும் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாய் இல்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த மாதம் சேலம் பக்கம் வேலை தேடிப் போய்விடலாம் என்றிருக்கிறேன்.

செங்கோடன்

*

கொல்லிமலை,
3-3-1946

செங்கோடனுக்கு,

கேட்டது. அடுப்படிக்கும் குச்சுக்கும் எவ்வளவு தூரம்.

உனக்காக நான் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்பனும் இல்லை, கூடப் பிறந்தவனும் இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருவன்தான். நாளைக்குக் கல்யாணம் என்றால் மாலை எடுத்துக் கொடுக்க, பிள்ளை பிறந்தால் மடியில் வைத்துக் காது குத்த, அவளுக்கு ஒரு மாமன் வேண்டும் என்று நினைத்தேன். அதனால் சொன்னேன். நீ வந்து ஒரு பிடித் தழை கட்டும் நேரத்தில் அதை அவிழ்த்துவிட்டுப் போனாய். அன்றைக்கு உன் மேல் வந்த ஆத்திரத்தில் நீ கட்டிய குச்சைப் பிடுங்கிப் போடலாமா என்றுகூட இருந்தது.

அவள் குச்சைவிட்டு வெளியே வந்த நாளில் நீ கொண்டுவந்த சேலையை உடுத்தமாட்டேன் என்றாள். சின்னராசு வீட்டில் கொடுத்ததை உடுத்தினாள். இரவல் சேலை மாதிரி தளர்ந்து தொங்கியது. அதற்குப் பிறகு என்னைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டாள். அப்பன் கண்ணு உனக்குத் தெரியுமா, மாமனுக்குத் தெரியுமா, அப்புறம் ஏன் ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்க என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு என்ன சொல்வது. உன் பழைய கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்தாள். நான் பிரிக்காமல் வைத்திருந்ததையும் அவள்தான் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டினாள்.

நேற்றுக் காலையில் உன் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு, மாமன் சேலத்துக்குப் போயிட்டாங்களா என்றாள். இன்னும் போகவில்லை என்றேன். போக வேண்டாமென்று எழுது, அவங்ககிட்டக் கேக்கறதுக்கு எனக்கு இன்னும் நெறைய இருக்குது என்றாள்.

அதனால் எழுதுகிறேன். சேலத்துக்குப் போகாதே. மாதத்தில் ஒரு நாள் மேலே வா. அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல். எனக்கு எழுதிய மாதிரியே சொல், குறைக்காதே.

வருகிற நாளை மட்டும் காளியண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பு. அன்றைக்கு நான் காட்டுக்குப் போய்விடுகிறேன். சோறு அவள் போடுவாள்.

கண்ணாயி